தோட்டாவில் தடவியது

1853 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போனது. எழுதியவர் கர்னல் ஹென்றி டக்கர், வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல். பெற்றுக்கொண்டது ராணுவ வாரியம். இங்கிலாந்திலிருந்து சோதனைக்காக வந்திறங்கிய புதுத் தோட்டாக்களில் தடவியிருக்கும் கொழுப்பு பற்றியது கடிதம். அந்தக் கொழுப்பு சாதி ஆசாரத்துக்கு ஊறு செய்யாதது என்று உறுதியாகத் தெரியாத வரை இந்தியச் சிப்பாய்களிடம் அதைக் கொடுக்க வேண்டாம், வெள்ளைக்காரப் படைகளிடம் மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்பது சாரம்.

எச்சரிக்கை வாரியத்தோடு நின்றுவிட்டது. தோட்டாக்கள் சிப்பாய்களின் இடுப்புப் பைக்குள் போயின. காவல் மாறும்போது ஒரு சிப்பாயின் பையிலிருந்து அடுத்தவர் பைக்கு மாறி, வெயிலும் மழையும் பார்த்து, 1855-ல் அறிக்கையோடு இங்கிலாந்துக்குத் திரும்பின. இந்தியத் தட்பவெப்பத்தில் அந்தக் கொழுப்பு கெடாமல் இருக்குமா என்பதுதான் சோதனை. சுமந்தவர்களிடம் அதில் என்ன தடவியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் நல்லது என்பது துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நடுவே ஓயாமல் நடக்கும் வழக்கு. நமக்கு அது தூரத்து விவகாரம். ஆயுதச் சட்டமும் உரிமமும் உள்ள நாட்டில் நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியை வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில்தான் பார்த்திருக்கிறோம். அந்த இரட்டைக் குழலுக்குக் கடைசியாக எண்ணெய் போட்டது எந்த வருஷமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இந்தச் சின்னத் தேர்வின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க ஒன்று பிடிபடுகிறது. எண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதில் கை வைப்பவர் வேறொருவர். இருவருக்கும் நடுவில் பேச்சு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம் நடந்திருக்கிறது. வேதியியல் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

முதலில் எண்ணெய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மூன்று வேலை. உரசும் பாகங்கள் வழுக்கிச் செல்ல வேண்டும். இரும்பு துருப்பிடிக்கக் கூடாது. சுட்டபின் குழலில் படியும் அழுக்கு இளகி வெளியே வர வேண்டும். தொல்லை என்னவென்றால், ஒரு வேலைக்கு ஏற்றது இன்னொன்றுக்கு ஆகாது. துருவைத் தடுக்கக் கெட்டியான பூச்சு வேண்டும். வழுக்கி ஓடக் கெட்டி கூடாது. அழுக்கைக் கரைக்கும் திரவம் மெல்லியது, சீக்கிரம் ஆவியாகிப் போகும், துருவைத் தடுக்காது. தாராளமாக விட்டால் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போடுகிற வண்டிக்காரர் புழுதிப் பாதை, சேற்றுப் பாதை பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார். துப்பாக்கியிலும் கணக்கு அதுதான், கணக்குத் தப்பினால் போவது அச்சோடு நிற்காது.

கிடங்கில் தூங்கும் ஆயுதத்துக்கும் களத்தில் இருக்கும் ஆயுதத்துக்கும் பராமரிப்பு வேறு என்பதை ஔவையார் வெகு காலம் முன்பே கவனித்துவிட்டார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போனபோது பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்றின் 95-ஆம் பாட்டில், இங்கே உள்ள வேல்களெல்லாம் பீலியும் மாலையும் சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல் மாளிகையில் இருக்கின்றன. அவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல் பழித்தார் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் படித்தால் வேறொன்றும் தெரியும்: அந்த நெய் காப்பு நெய். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் துப்பாக்கிகளைக் காஸ்மோலின் என்கிற பழுப்பு நிறப் பெட்ரோலியக் கூழில் முக்கிப் பெட்டியில் அடைத்தார்களே, அந்த வகை. பல பத்தாண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்தவர்கள் உள்ளே இரும்பு புதுசு போல் இருந்ததைப் பார்த்தார்கள். அந்தக் கூழைச் சுத்தமாக வழித்து எடுக்காமல் சுட்டால் ஆபத்து. தொண்டைமானின் வேலுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி என்ஃபீல்டு. 1853 மாதிரி என்று பெயர். அதுவரை சிப்பாய்கள் வைத்திருந்தது வழுவழுப்பான குழல் கொண்ட பழைய மஸ்கட். நூறு கெஜத்துக்கு மேல் குறி வைத்து அடிப்பது அதிர்ஷ்டம். என்ஃபீல்டில் குழலின் உட்சுவரில் மூன்று பள்ளங்கள் சுழன்று செல்லும். குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். அதனால் பல நூறு கெஜம் நேராகப் போகும். பற்ற வேண்டுமென்றால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். ஈயக் குண்டின் விட்டம் 0.568. நடுவில் மிஞ்சும் மயிரிழை இடைவெளியைக் காகிதமும் கொழுப்பும் அடைத்துக்கொள்ளும். குண்டை வாய்ப்பக்கம் வைத்துக் கம்பியால் அடிவரை இடித்துத் தள்ள வேண்டும். கரிமருந்து எரியும்போது பாதிக்கு மேல் வாயுவாக மாறாது, திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் வெண்புகையோடு போகும், மிச்சம் குழலில் ஒட்டும். சில முறை சுட்டதும் அது கெட்டிப்பட்டு அடுத்த குண்டை உள்ளே விடாது. அந்தப் படிவை இளக்கி வைப்பதற்குத்தான் தோட்டாவில் கொழுப்பு. ஆடம்பரம் இல்லை, அது இல்லாமல் துப்பாக்கி நாலு வெடிக்கு மேல் நகராது.

தோட்டா என்பது காகிதச் சுருள். ஒரு முனையில் மருந்து, மறு முனையில் குண்டு. மருந்துப் பக்கத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, சுருளைத் திருப்பி, குண்டுப் பக்கத்தைச் செருகி, மிச்சக் காகிதத்தைப் பிய்த்தெறிந்து இடிக்க வேண்டும். ஒரு கையில் துப்பாக்கி, அதனால் பல். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கொழுப்பு தடவியது குண்டுப் பக்கம், கடிப்பது எதிர்ப் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் கொழுப்பு வாய்க்குப் போகவே போகாது. இங்கிலாந்தின் ஊல்விச் ஆயுதசாலையில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கும். கட்டுக்கட்டாகப் பொதிந்த தோட்டாக்கள் ஏப்ரல் வெயிலில் இடுப்புப் பைக்குள் என்ன ஆகும், கொழுப்புப் பக்கத்தைப் பிடித்த விரல்கள் அடுத்த நொடி எதைப் பிடிக்கும் என்பதெல்லாம் வரைபடத்தில் வராத விஷயங்கள்.

கொழுப்பு எங்கிருந்து வந்தது? கல்கத்தா ஆயுதசாலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தது. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று யாரும் நிபந்தனை போடவில்லை, யாரும் விசாரிக்கவும் இல்லை. பிறகு நடந்த விசாரணையில் ஆயுதசாலை அதிகாரிகளே இதை ஒப்புக்கொண்டார்கள். மலிவான கொழுப்பு என்றால் மாட்டுக்கொழுப்பு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பன்றிக்கொழுப்புக்கு அவ்வளவு திடமான ஆதாரம் கிடையாது. ஆட்டுக்கொழுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால் போதும் என்று பின்னால் பலர் அங்கலாய்த்தார்கள். எழுதவில்லை. ஏனென்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கொழுப்பு என்றால் கொழுப்பு, அவ்வளவுதான்.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கல்கத்தாவுக்கு வெளியே டம்டத்தில் இருந்த ஆயுதசாலையில் வேலை செய்த கலாசி. இன்று விமானநிலையம் இருக்கும் அதே டம்டம். நாற்பது ஆண்டுகள் கழித்து, உடலுக்குள் விரிந்து கிழிக்கும் குண்டுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊரும் அதுவே. 1857 ஜனவரியில் இந்தக் கலாசி ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவருடைய லோட்டாவில் தண்ணீர் கேட்டார். தீட்டு என்று சிப்பாய் மறுத்தார். மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிறீரே, அப்புறம் உம்முடைய சாதி எங்கே போகும் என்று கலாசி திருப்பிக் கேட்டாராம். இந்தச் சம்பவம் படையெங்கும் பரவி, ஜனவரி 22-ஆம் தேதி கேப்டன் ரைட் என்பவரின் அறிக்கையாக மேலே போனது.

பாடப்புத்தகங்கள் இந்தக் காட்சியைக் கலகத்தின் முதல் பொறியாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அங்கேயே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. தண்ணீர் கேட்டதற்கு அவமானப்பட்ட மனிதரின் வாயிலிருந்துதான் சிப்பாய்களுக்கு அந்தக் கொழுப்பைப் பற்றிய முதல் தகவல் கிடைத்தது. கர்னல்களும் வாரியங்களும் மூன்று வருஷமாகச் சொல்லாததை அவர் சொன்னார், கொழுப்பு கலக்கிற இடத்தில் வேலை செய்தவர் என்பதால். அவர் கையில் ஒட்டிய கொழுப்பைப் பற்றி எவருக்கும் புகார் இருந்ததில்லை. அது சிப்பாயின் உதட்டுக்கு வரும் என்றதும்தான் பேரரசு ஆடியது. இந்தக் கதையில் நமக்கு வசதியான நாயகன் யாரும் இல்லை.

இதன்பின் நடந்ததில் அரசாங்கம் முழுக்க முட்டாள்தனமாக நடந்துகொண்டது என்று சொல்வதற்கில்லை. பாரக்பூரில் இருந்த மேஜர் ஜெனரல் ஹியர்சி சிப்பாய்களின் மொழியைச் சரளமாகப் பேசியவர். அவர் சொன்ன யோசனை எளிமையானது: கொழுப்பு தடவாத தோட்டாவைக் கொடுங்கள், தடவுகிற சாமானைச் சிப்பாய்களே கடைவீதியில் வாங்கிக்கொள்ளட்டும். ஜனவரி 27-ல் அரசு சம்மதித்தது. மெழுகு, நெய், எண்ணெய் எதை வேண்டுமானாலும் அவரவர் தடவிக்கொள்ளலாம். மார்ச்சில் கவாத்தையே மாற்றினார்கள்: பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும்.

தேர்வு கைமாறிவிட்டது. ஆனால் நேரம் கடந்திருந்தது. இப்போது மாற்றுகிறார்கள் என்றால் முன்பு இருந்தது உண்மைதானே என்பது சிப்பாய்களின் தர்க்கம். அதில் பிழை சொல்ல முடியுமா? சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. பெர்ஹாம்பூரில் பிப்ரவரி 26-ஆம் தேதி இரவு 19-ஆம் படைப்பிரிவு மறுத்த தோட்டாக்கள் பழைய மஸ்கட்டுக்கு உரியவை, கொழுப்பே தடவாதவை. காகிதம் பளபளப்பாக இருக்கிறதே, கொழுப்பில் தோய்த்திருப்பார்கள் என்று பயம். கல்கத்தாவில் காகிதத்தை வேதியியல் சோதனைக்கு உட்படுத்தி, கொழுப்பு இல்லை என்று அறிக்கை வாங்கினார்கள். யாரை நம்ப வைக்க? அந்த அறிக்கையை எழுதியவரும் கோட்டைக்குள்ளிருப்பவர்தான்.

அம்பாலா பயிற்சி முகாமில் நடந்தது இன்னும் கூர்மையானது. அங்கே சிப்பாய்கள் தங்கள் கையால் நெய்யும் மெழுகும் தடவிக்கொண்டார்கள். அதில் தீட்டில்லை என்று கண்ணால் பார்த்தவர்கள். மார்ச் மாதம் தளபதி அன்சனின் பரிவாரத்தோடு 36-ஆம் படைப்பிரிவின் ஒரு பகுதி அம்பாலா வந்தது. முகாமில் பயிற்சியிலிருந்த அதே படைப்பிரிவின் இரண்டு கீழ்நிலை அதிகாரிகள் தங்கள் ஆட்களைப் பார்க்க ஓடினார்கள். அவர்களுடைய சுபேதார் லோட்டாவைத் தர மறுத்தார். நீங்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டீர்கள் என்றார். இருவரும் பயிற்சி அதிகாரி கேப்டன் மார்ட்டினோவிடம் வந்து அழுதார்கள். தோட்டாவில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. பெண் எடுக்க, பெண் கொடுக்க, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஊர்தானே வேண்டும்.

அதே அம்பாலாவில்தான் அன்சன் அந்தத் தோட்டாவை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தார். இந்தியாவில் இருந்த மொத்தப் பிரிட்டிஷ் படைக்கும் தலைமைத் தளபதி அவர். பார்த்துவிட்டு கவர்னர் ஜெனரல் கானிங்குக்கு எழுதினார்: இவ்வளவு கொழுப்பு அப்பியிருக்கும் என்று நினைக்கவில்லை, பார்க்க அப்படியே கொழுப்பாகவே இருக்கிறது, குண்டை இடித்து முடித்ததும் குழல்வாய் முழுக்க வழிகிறது, இவர்கள் மறுப்பதில் ஆச்சரியமில்லை என்கிற பொருளில். 1857 மார்ச் கடைசி வாரம் அது. அதுவரை அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. இந்த ஒரு தகவலை நான் அந்த வருஷத்துப் போர்க்களக் காட்சிகள் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

மீரட் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏப்ரல் 24 அணிவகுப்பில் 90 குதிரைவீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவையும் பழைய வகைத் தோட்டாக்களே. மே 9 அன்று எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

கொழுப்பு மட்டும்தான் 1857-க்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அவத் இணைப்பு, நிலவரி, கடல்கடந்து போகச் சொன்ன 1856-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் அடியில் புகைந்துகொண்டிருந்தன. ஆனால் வேலூர்க்காரர்களுக்கு இதைக் கேட்டால் முன்பே எங்கேயோ கேட்டது போலிருக்கும். 1806 ஜூலை 10, வேலூர்க் கலகம். அங்கே கொழுப்புக்குப் பதில் தோல். புதுத் தலைப்பாகையில் தோலால் செய்த முடிச்சு, நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக்கும் கவர்னர் பென்டிங்கும் பதவி இழந்து ஊர் திரும்பினார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் இதே கம்பெனி இதே பாடத்துக்கு ரத்தத்தில் கட்டணம் கட்டியிருக்கிறது. சென்னையின் கோப்பு சென்னையில் இருந்தது போலும்.

இதில் வேடிக்கை என்று சொல்லத்தக்க ஒன்று உண்டென்றால் அது தொழில்நுட்பப் பக்கம்தான். அந்தக் கொழுப்பு நல்ல மசகும் இல்லை. கொழுப்பிலுள்ள அமிலம் ஈயத்தை மெல்ல அரித்துக் குண்டின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டும்; ஏற்கெனவே இறுக்கமான குண்டு இன்னும் பருக்கும். வெயிலில் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறிப்போக, வேண்டிய இடத்தில் வழுக்கல் இருக்காது. கலகத்தை அடக்க வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களே என்ஃபீல்டில் குண்டை இறக்க முடியாமல் திணறினார்கள். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஈயத்தையும் அரிக்காது. 1859-ல் குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்து, மேலே தேன்மெழுகு பூசும் முறைக்கு மாறினார்கள். கடைவீதியில் மெழுகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஹியர்சி சொன்னதற்கும் ஊல்விச் நிபுணர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடத்துக்கும் தூரம் அதிகமில்லை.

பித்தளைத் தோட்டா வந்து, குழலின் பின்பக்கம் திறக்கும் துப்பாக்கியும் வந்தபின் வாய்க்கும் கொழுப்புக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. எண்ணெய் துப்பாக்கியைத் துடைப்பதற்கு மட்டும் என்றானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் நுண்ணிய இயந்திரங்களுக்கெல்லாம் உயர்ந்ததாகக் கொண்டாடப்பட்டது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய். கடிகாரம், தையல் இயந்திரம், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் அது. குளிரில் இறுகாது, சீக்கிரம் கெடாது. 1970-ல் அமெரிக்கா திமிங்கிலத்தை அழிவிலிருக்கும் உயிர்ப் பட்டியலில் சேர்த்துத் தடை விதித்த பிறகு, ஹொஹோபா என்கிற பாலைவனச் செடியின் விதையில் அதற்கு மாற்று தேடினார்கள். பிரிட்டிஷ் பேரரசில் புழங்கியது ரங்கூன் எண்ணெய். பர்மா மண்ணிலிருந்து வந்த கனிம எண்ணெய். இங்கிலாந்தில் வேட்டைக்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் வாங்குகிறார்கள். பூமியிலிருந்து வந்த எண்ணெய்க்குத் தீட்டு இல்லை. எந்தச் சிப்பாயும் அதைக் கேள்வி கேட்கவில்லை. மிருகம் எது என்ற கேள்வி போனது. கேள்வி கேட்கும் வழக்கமும் அதோடு போனதோ என்று ஒரு சந்தேகம்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .303 துப்பாக்கியின் கட்டைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன எண்ணெய்ப் புட்டி தெரிந்திருக்கும். பித்தளை மூடியைத் திறந்தால் புட்டியும், கயிற்றின் நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய புல்த்ரூவும் இருக்கும். கயிற்றின் கண்ணியில் சிந்தி என்னும் ஃபிளானல் துணித்துண்டைச் செருகி, பின்பக்கமிருந்து குழலுக்குள் விட்டு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். துடைக்க நாலுக்கு இரண்டு அங்குலத் துணி, எண்ணெய் பூச நாலுக்கு ஒன்றரை. பூசும் துணி கொஞ்சம் சிறிதாக இருந்தால்தான் எண்ணெய் வழிந்துபோகாமல் குழலில் தங்கும். அந்த அரை அங்குலத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் துப்பாக்கி துடைத்தவராகத்தான் இருப்பார்.

அந்தக் காலத்துத் தோட்டாவில் இன்னொரு சிக்கல் இருந்தது. தட்டினால் தீப்பிடிக்கும் மூடியில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலெங்கும் படியும். சமையல் உப்பின் ஒன்றுவிட்ட தம்பி. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை உள்ளிருந்து தின்னும். சுட்டதும் நன்றாக எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கி மறுநாள் துருவோடு நிற்கும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் அது பத்திரமாக இருந்து தன் வேலையைப் பார்க்கும். தீர்வு கொதிக்கும் தண்ணீர். பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே ஒரு புனல் இருந்தது. குழலுக்குள் வெந்நீரை ஊற்றி உப்பைக் கழுவி, அந்தச் சூட்டிலேயே குழல் உலர்ந்ததும்தான் எண்ணெய். இரும்புக்குப் பகை என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்த தண்ணீரை முதலில் ஊற்று என்றால் புது ஆளுக்கு நெஞ்சு பதறும். எந்த எண்ணெய் உசத்தி என்று சண்டை போட்டவர்கள் எல்லோரும் தவறான இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1920-களின் பிற்பாதியில் உப்பு மிஞ்சாத மூடிகள் விற்பனைக்கு வந்தன. படைகள் அவற்றுக்கு மாற இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

வியட்நாமுக்கு அமெரிக்கா கொண்டுபோன எம்-16 கதை 1857-க்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே தடவச் சொன்னார்கள், இங்கே தடவவே வேண்டாம் என்றார்கள். கிட்டத்தட்டத் தானே சுத்தமாகிக்கொள்ளும் துப்பாக்கி என்ற பேச்சு அதோடு கூடவே வந்தது. 1964-ல் வெடிமருந்தின் வகையை மாற்றினார்கள். புது மருந்து அதிக அழுக்கை விட்டது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூசவில்லை. சுத்தம் செய்யும் கம்பியும் தூரிகையும் போதுமான அளவு அனுப்பவில்லை. வியட்நாமின் ஈரத்தில் அறை துருப்பிடித்தது. சுட்டபின் காலித் தோட்டா வெளியே வராமல் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. முன்பக்கமிருந்து கம்பியை விட்டுத் தட்டி எடுக்க வேண்டும். கம்பி பத்து பேருக்கு ஒன்று இருந்தால் பெரிசு. 1967 வசந்தத்தில் கே சானைச் சுற்றிய குன்றுகளில் இறந்து கிடந்த மரீன்கள் சிலருக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிரித்துப் போட்டபடி இருந்தது. உயிரோடு இருந்தவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். எண்ணெயும் கம்பியும் அனுப்பச் சொல்லி.

அந்தக் கடிதங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போயின. ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் துணைக்குழு 1967-ல் விசாரித்து ராணுவத்தைக் கடுமையாகச் சாடியது. அறைக்குக் குரோம் பூச்சு வந்தது. எல்.எஸ்.ஏ. என்ற வெண்ணிறக் கூழ்போன்ற எண்ணெய் தாராளமாக வந்தது. 1968-ல், ஸ்பிரிட் படக்கதைகளால் புகழ்பெற்ற வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புக் கையேடு ஒன்று வந்தது, துப்பாக்கியே பெண்ணாகப் பேசுவது மாதிரி. இன்று பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் எந்த இடத்தில் எத்தனை எண்ணெய், எந்த இடத்தில் ஒரு சொட்டும் கூடாது என்று அதில் படம் போட்டிருக்கிறது. முழங்கால் அளவுச் சேற்றில் நிற்பவனுக்குப் புரியும் மொழியில் யாரோ முதல் தடவையாகப் பேசியிருக்கிறார்கள். படம் பார்த்துப் படிக்கிற வயதிலிருந்தவர்களைத்தான் அனுப்பியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு மூன்று வேலையையும் ஒரே திரவத்தில் செய்யும் சி.எல்.பி. வந்தது. சுத்தமாக்கும், வழுக்க வைக்கும், துருவைத் தடுக்கும். முன்பு சொன்ன முரண்பாட்டை ஒரு புட்டிக்குள் சமரசம் செய்த சாமான். எல்லாச் சமரசத்தையும் போல இதுவும் ஓரளவுக்குத்தான். 2003 மார்ச் 23-ஆம் தேதி ஈராக்கின் நஸிரியாவில் 507-ஆம் பராமரிப்புப் பிரிவு வழி தவறித் தாக்குதலில் சிக்கியது. மாவு போன்ற மணல். துப்பாக்கிகள் பல நின்றுபோயின. பாலைவனச் சூழலில் வீரர்களின் தனிப்பட்ட பராமரிப்பு போதாதது காரணமாக இருக்கலாம் என்றது ராணுவ அறிக்கை. வீரர்கள் வேறு சொன்னார்கள்: ஈரமான எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பசையாகிறது, எங்களுக்கு உலர்ந்து ஒட்டும் வகை வேண்டும். எண்ணெய் நல்லதுதான், அவர்கள் அதிகமாகப் போடுகிறார்கள் என்று மேலிடம் பதில் சொன்னது. இரண்டு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கும். மணலில் எண்ணெயைச் சொட்டு விட்டுத் துடைத்தெடுத்து, விரலில் லேசாகப் படும் அளவு மட்டும் விட வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் பேச்சு. பயத்தில் இருப்பவன் புட்டியைக் கவிழ்க்கத்தான் செய்வான்.

அங்கீகரித்த எண்ணெயைத் தவிர வேறெதையும் போடக்கூடாது என்பது அமெரிக்கப் படையின் விதி. 1857 ஜனவரி 27-ல் வங்காளச் சிப்பாய்க்குக் கிடைத்த சலுகை, கடைவீதியில் பிடித்ததை வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்பது, நஸிரியாவுக்குப் போனவர்களுக்குக் கிடையாது. அவர்கள் அனுமதி கேட்டு நிற்கவில்லை. சொந்தக் காசில் வாங்கினார்கள், வீட்டிலிருந்து பொட்டலத்தில் வரவழைத்தார்கள், அதிகாரி பார்க்காதபோது துணியில் நனைத்துத் துடைத்தார்கள். பார்த்த அதிகாரிகளில் சிலர் தங்கள் துப்பாக்கிக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.